கொரியாவை ஒன்றாக்குகிறவரின் வீடு

கொரியாவை யார் ஒன்றாக்கப் போகிறார்கள் என்று என்னைக் கேட்டால், பெயர் அட்டை அச்சடித்து வைத்திருக்கிற ஒருவரும் இல்லை என்றுதான் சொல்வேன். எனக்குப் பெரிய அரசியல் அறிவு கிடையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்துதான். ஒருவர் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற ஒரு வரியை நான் வருடக்கணக்கில் மனதில் வைத்திருப்பேன். என் மனைவிக்கு அது ஒரு வருத்தம். "சாமானை விக்கச் சொன்னா, உவர் ஆக்களின்ரை கதையை வாங்கிக்கொண்டு வாறார்" என்பாள்.

லண்டனின் தென்மேற்கே, நியூ மோல்டனில் எங்கள் கடை. பலகையில் தமிழும் ஆங்கிலமும்; உள்ளே பாதிக்கு மேல் கொரியச் சாமான். அந்த ஊரில் கொரியர்கள் அதிகம். முதலில் தெற்கிலிருந்து வந்தார்கள்: கம்பனிக்காரர்கள், உணவகம் வைத்தவர்கள், தேவாலயம் நடத்துகிறவர்கள். பிறகு வடக்கிலிருந்து தப்பி, சீனாவுக்குள்ளால் சுற்றி, எங்கெங்கோ ஒளிந்திருந்து வந்தவர்கள். அவர்களுடைய நாட்டுக்கு நடுவில் கம்பிவேலியும் கண்ணிவெடியும் இருக்கின்றன. நியூ மோல்டனில் ஒன்றும் இல்லை. ஒரே கடைத்தெரு, ஒரே பஸ் தரிப்பு, எங்கள் கடையில் ஒரே முள்ளங்கித் தட்டு. வேலி இல்லாமலே எப்படி விலகி நடப்பது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை காலையில் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். தெற்குப் பெண் ஒருத்தி முள்ளங்கியை எடுத்து முகர்ந்து வைப்பாள். வடக்குப் பெண் அவள் போகும்வரை சோயா சோஸ் போத்தலின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டு நிற்பாள். அந்த எழுத்தை அவள் ஏற்கெனவே நூறு தடவை வாசித்திருப்பாள்.

இரண்டு பக்கமும் என்னிடம் மற்றப் பக்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். நான் தமிழன், எனக்கு எதைச் சொன்னாலும் குற்றமில்லை. தெற்கு உணவகக்காரி ஒருத்தி, "அவர்கள் வணக்கம் சொன்னாலே வழக்குப் போட வந்த மாதிரி இருக்கும்" என்றாள். வடக்கிலிருந்து வந்த மேசன் ஒருவர், "அவர்கள் சிரித்தால் நான் முதலில் பொக்கற்றைத் தொட்டுப் பார்ப்பேன்" என்றார். இரண்டையும் நான் ரசித்தேன். இரண்டு பேரும் வாங்கியது ஒரே மிளகாய்த்தூள்.

இந்த நிலையில்தான் லண்டனின் வடமேற்கே, ஹரோவில் ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் ஆட்களில் படித்தவர்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடி உலகத்தைத் திருத்துகிற ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். கொரிய மக்கள் அமைதியாக மீண்டும் ஒன்றுசேரும் வழி என்ன, அதிலிருந்து நாம் கற்பது என்ன என்பது அன்றைய தலைப்பு. சிற்றுண்டிக்கு ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுபோய்க் கொடுத்தது நான். தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டேன்.

சிறப்பு விருந்தினர் எனக்குத் தெரிந்த மனிதர். எங்கள் கடையிலிருந்து வியாழக்கிழமை தோறும் சாமான் போகும் வீட்டின் எசமான். ஐம்பதைத் தாண்டிய தென் கொரியர், நல்ல துணியில் கோட்டு, மார்பில் சின்னதாக ஒரு சின்னம். தன் நாட்டை ஒன்றுசேர்ப்பதற்கு ஆலோசனை சொல்ல வெளிநாடுகளில் இருப்பவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்திருக்கிறார்களாம். அவர் அதில் ஓர் ஆள். தன் தந்தை வடக்கில் பிறந்தவர், சிறுவயதில் சண்டைக்குள்ளால் கப்பலேறித் தெற்கே வந்தவர் என்று சொல்லி, ஓரிடத்தில் கைக்குட்டையை எடுத்தார். ஒரே இரத்தம், ஒரே மொழி, ஒரே சோற்றுப்பானை என்றார். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். சோற்றுப்பானை என்றவுடன் ஒருவர் பற்றிஸ் தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு எங்கள் ஆட்களின் முறை. ஒரு கணக்காளர் திரையில் வரைபடம் போட்டு, ஜெர்மனியைப் பாருங்கள், ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் ஒன்றானது என்றார். அவர் ஜெர்மனிக்குப் போனது விடுமுறையில். நான் அங்கே ஏழெட்டு வருடம் கோப்பை கழுவினவன். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி, மேற்கே போய்ச் சேர்ந்தேன். தங்கள் சொந்தச் சனம் பெர்லின் மதிலை நெருங்கினால் சுடுகிற காவலர்கள் எங்களை முகம்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். மேற்குக்காரனுக்குத் தலையிடி கூடட்டும் என்பது அவர்களின் எண்ணம். மதில் விழுந்த பிறகு நான் வேலை செய்த சமையலறைக்குக் கிழக்கிலிருந்து ஒரு சமையல்காரன் வந்தான். ஏற்கெனவே அங்கிருந்த பழைய மேற்குச் சமையல்காரன் அவனுடைய உப்புக் கிண்ணத்தைத் தொடமாட்டான். அவன் பழையவனின் கத்தியைத் தொடமாட்டான். நான் அந்த வேலையை விடும்வரைக்கும் அந்த அடுப்பில் ஜெர்மனி ஒன்றாகவில்லை. இதை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்று மாலை முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "அண்ணை, பற்றிஸ் இன்னும் இருக்கோ?"

இதில் என் கோபம் என்னவென்றால், அந்தச் சிறப்பு விருந்தினரின் வீட்டு விஷயம் எனக்கு அப்போதே தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கடையில் வேலை செய்கிற பெண்ணைச் சொல்ல வேண்டும். வட கொரியாவின் வடகிழக்கு மூலையிலிருந்து வந்தவள், ஐம்பது வயதுக்காரி. தாய் இன்னும் அங்கே இருக்கிறாள். இவள் எங்களிடம் வந்தது வேலை தேடி இல்லை, தினை தேடி. அவளுடைய ஊரில் தட்டை மீனைத் தினைச் சோற்றோடும் முள்ளங்கியோடும் மிளகாயோடும் பிசைந்து புளிக்க வைப்பார்கள். தெற்குக்காரர்களின் கடைகளில் அவள் கேட்ட மாதிரித் தினை இல்லை. எங்கள் கடையில் சலரோகக்காரர்களுக்காக, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்காக, ஒரு தட்டு நிறைய வைத்திருந்தோம். அதைப் பார்த்தவள் பையைக் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டாள். என் மனைவி சண்டைக்குப் போனாள். சண்டை முடிந்தபோது அவள் மரக்கறிப் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எப்படி என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.

அவளுக்கு ஆங்கிலம் குறைவு. எங்கள் கடையில் பேசப்படுவது தமிழ். ஆகவே ஆங்கிலத்துக்குப் பதிலாக அவள் யாழ்ப்பாணத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். வருகிற கொரியர்களிடம் தான் சீனத்துக் கொரியப் பெண் என்று சொல்வாள். வடக்கு என்று சொன்னால் மீதிக் காசை எண்ணிப் பார்க்கிறார்களாம். எங்களிடம் அப்படி ஒன்றும் ஒளிக்கவில்லை. "அண்ணை, இந்தக் கோவா சரியில்லை, விக்க ஏலாது" என்று முட்டைக்கோசைத் தூக்கிக் காட்டி அவள் சொல்லும்போது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அச்சுவேலிச் சந்தையில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அந்த எசமானின் தந்தை எண்பதைத் தாண்டியவர். வியாழக்கிழமை நான் சாமான் இறக்கும்போது முன் சன்னலில் இருப்பார். உள்ளங்கை போன்ற சின்ன முகம், எப்போதும் சவரம் செய்தது. மருமகள் அமைதியான பெண், நல்ல ஆங்கிலம். ஒருநாள் வாகனத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தபடி சாமானை உள்ளே கொண்டுபோனேன். பெட்டியில் எங்கள் பெண் கொடுத்த அந்த மீன் ஊறுகாய் இருந்தது. அதன் மணம் அடக்கமான மணம் இல்லை. திரும்பி வந்தால், கிழவர் வீட்டுச் செருப்போடு வாகனத்தின் பக்கத்தில் நிற்கிறார். விரலால் தொட்டு வாயில் வைத்துவிட்டு, அப்படியே நின்றார். மருமகள் ஓடிவந்தாள். யார் செய்தது என்று கேட்கச் சொன்னார். எந்த ஊர்க்காரி என்று கேட்கச் சொன்னார். நான் ஊரின் பெயரைச் சொன்னவுடன், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அது அவருடைய சொந்த ஊர். அதை விட்டு வந்த பிறகு அந்த ஊரைக் கண்ணால் கண்ட ஒருவரையும் அவர் சந்தித்ததில்லை. அவளை ஒருமுறை பார்க்க வேண்டும், சாவதற்குள் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

மகன் மறுத்துவிட்டார். அவரே கடைக்கு வந்து என்னிடம் விளக்கினார். தான் ஒரு பொறுப்பில் இருப்பதாகவும், வடக்கிலிருந்து வருகிறவர்களில் யார் எப்படி என்று தெரியாது என்றும், அவர்கள் கதை கட்டுவார்கள், பிறகு உதவி கேட்பார்கள், வீட்டுக்குள் விட்டால் சமூகத்தில் பேச்சு வரும் என்றும் சொன்னார். இவ்வளவையும் மிகவும் மரியாதையாக, தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி அவள் வெண்டைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே இரத்தத்துக்கும் ஒரே சோற்றுப்பானைக்கும் நடுவில் வெண்டைக்காய்ப் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் தாண்ட இவருக்கு ஏலவில்லை.

அவர் போனபிறகு அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "உவர்தான் கொரியாவை ஒண்டாக்கிறவரோ?"

"ஓம்."

"அப்ப நான் இங்கயே இருக்கிறன் அண்ணை."

ஆனால் கிழவர் விடவில்லை. வியாழக்கிழமைகளில் சன்னலை விட்டு வாசலுக்கே வந்து நின்றார். அவள் வந்திருக்கிறாளா என்று என் வாகனத்தின் பக்கத்து ஆசனத்தைப் பார்ப்பார். ஒருமுறை மருமகள் சாமானுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வருகிற வியாழன் கணவருக்கு ஹோட்டலில் ஒரு மாநாடு, முழுநாளும் இருக்கமாட்டார், அரிசி மூட்டை பாரம் என்றால் உதவிக்கு யாரையும் கூட்டிவரலாம் என்றாள். மாநாடு எதைப் பற்றி என்று கேட்டேன். அவள் பேனையை மூடிவிட்டு, "அமைதியான மறு ஒன்றிணைவு" என்றாள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வியாழன் எங்கள் பெண் நீலச் சட்டை போட்டு, மீன் ஊறுகாய் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஏறினாள். போகும் வழியெல்லாம் போத்தல் மூடியை இறுக்கிக்கொண்டே வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, "நான் அழமாட்டன் அண்ணை" என்றாள். உள்ளே போய் அவருக்கு முன்னால் நிலத்தில் விழுந்து வணங்கியபோதே அழுதாள். கிழவரும் அழுதார்.

அவர்கள் பேசியதை மருமகள் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதை என் தமிழில்தான் சொல்ல முடியும். என் மனதில் அந்தக் கிழவர் இன்றைக்கும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார்.

முதலில் எல்லாம் தேன். அவர் ஒரு மலையின் பெயரைச் சொன்னார். அவள் அதன் பின்பக்கத்து ஓடையின் பெயரைச் சொன்னாள். ரயில் வளைகிற இடம், மீன் காய வைக்கிற கம்புகள், குளிரில் கதவுப் பிடியில் விரல் ஒட்டிக்கொள்வது. அவர் ஒன்றைத் தொடங்க, அவள் முடித்தாள். ஊறுகாயை விரலால் எடுத்துச் சாப்பிட்டு, தாயின் கை என்றார். நான் அரிசி மூட்டையில் சாய்ந்து நின்று, கணக்காளரையும் அவருடைய வரைபடத்தையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுலபமான காரியத்துக்கா ஹோட்டலில் மாநாடு வைக்கிறார்கள்?

அந்தச் சிரிப்பு எனக்கு நிலைக்கவில்லை.

அவர் தன் வீட்டைச் சொல்லத் தொடங்கினார். ரயில் வளைவுக்கு மேலே ஓடு போட்ட வீடு. அடுப்படிக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. அடுப்பு நெருப்பின் சூடு நிலத்துக்கு அடியால் ஓடும். கல் கட்டிய கிணறு. பின்னால் இரண்டு பேரி மரம். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது. கிணற்றுக் கல்லில் ஒன்று உடைந்ததா என்று கேட்டாள். உடைத்ததே நான்தான் என்றார் அவர், சிறுவனைப் போல. அது எங்கள் வீடு என்றாள் அவள். அவளுடைய பாட்டனாருக்கு அரசாங்கம் கொடுத்தது. அவள் பிறந்தது அந்தச் சூட்டு நிலத்தில். அவளுடைய தாய் இன்றைக்கும் இருப்பது அங்கேதான்.

கிழவர் கையைப் போத்தலிலிருந்து எடுத்தார். "மாடு எந்தப் பக்கம் கட்டியிருக்குது?"

"மாடு இல்லை. மாடு அரசாங்கத்தின்ரை."

"பேரி மரம்?"

"ஒண்டு நிக்குது. மற்றதைப் பட்டினி வருசத்தில வெட்டி எரிச்சனாங்கள்."

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

அதோடு தேன் முடிந்தது. அவள் எழுந்தாள். ஆரைக் கேட்பது, நீங்கள் கப்பலில் போய்விட்டீர்கள், நாங்கள் குளிரில் கிடந்தோம் என்றாள். எங்களைத் துரத்திய பிறகுதானே போனோம் என்றார் அவர். உங்கள் தகப்பனின் வயலில் என் பாட்டனார் பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தவர், துரத்தாமல் என்ன செய்வது என்றாள். நாடு ஒன்றானதும் முதல் வேலையாக அந்த வீட்டை நான் எடுப்பேன் என்றார். அப்படியென்றால் நாடு ஒன்றாகவே வேண்டாம் என்றாள் அவள். மருமகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். தேவையும் இருக்கவில்லை. காணிச் சண்டை எந்தப் பாஷையில் நடந்தாலும் யாழ்ப்பாணத்தானுக்கு விளங்கும்.

உண்மையைச் சொன்னால் நான் கிழவரின் பக்கம். எங்களுக்கும் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. அதில் வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் பல வருடமாக இருக்கிறது. நான் நினைப்பதெல்லாம் அவர்கள் ஏன் எழும்பவில்லை என்றுதான். எழும்பி எங்கே போவார்கள் என்று நினைத்ததில்லை. ஹரோ மண்டபத்தில் ஒன்றிணைவுக்குக் கைதட்டின அத்தனை பேருக்கும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஒற்றுமை, தாயகம், சமாதானம் என்று வாய் சொல்லும்போது மனது ஊரில் ஒரு வாசல் படலையைத் திறந்து, உள்ளே யார் உடுப்புக் காயவைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு வரைபடம் போடுகிறோம். கொரியக் கனவான்கள் சின்னம் குத்துகிறார்கள். இரண்டு கூட்டமும் கணக்கில் எடுக்காதது அந்த வீட்டுக்குள் இருக்கிற மனுசியை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "எல்லா ஊரிலையும் கிணறு இருக்கும், எல்லாக் கிணத்திலையும் ஒரு கல்லு உடைஞ்சிருக்கும். ரெண்டும் ஒரே வீடு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் அதைச் சரிபார்க்கிற எண்ணமே இருக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊரில், சண்டை பிடிக்க ஒரு வீடாவது வேண்டுமே.

அடுத்த வியாழன் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். காலையிலேயே வாகனத்தில் ஏறி இருந்தாள். "அந்த மனுசனுக்கு இன்னும் ஒரு விசயம் சொல்ல இருக்குது" என்றாள். கிழவரும் அன்றைக்குச் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டு, வழக்குக்குப் போகிறவர் மாதிரித் தயாராக இருந்தார். மகன் வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து, இப்படிச் சில வியாழன்கள் போயின. சண்டையும் ஊறுகாயும். மருமகள் சொன்னாள், அவர் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார், வாரம் முழுவதும் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தனக்குள்ளே பேசிப் பார்க்கிறார் என்று.

பிறகு மகனுக்குத் தெரியவந்தது. கடைக்கு வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். தன் வீட்டிலேயே வடக்கும் தெற்கும் சந்தித்திருப்பது குழுவுக்கு மிகவும் பயனுள்ள செய்தி என்றார். அடுத்த கூட்டத்துக்குத் தன் நாட்டுத் தலைநகரிலிருந்தே பெரியவர்கள் வருகிறார்களாம். அவள் பாரம்பரிய உடையில், தான் கோட்டில், நடுவில் தந்தை, ஒரு படம். உடையைத் தானே வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னார். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அவளைக் கதை கட்டுகிறவள் என்ற அதே வாய்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "போட்டோ ஏலாது அண்ணை" என்றாள். "அம்மா அங்க இருக்கிறா. என்ரை முகத்தை அங்க ஆரும் கண்டா, அம்மாவைக் கொண்டுபோவினம்."

நான் அதை அவருக்கு விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்ததை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். "முகத்தை மறைத்துவிடலாம்" என்றார்.

முகம் அழிக்கப்பட்ட ஒரு பெண்ணோடு கை குலுக்கி, கமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம். அமைதியான மறு ஒன்றிணைவு எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டால் இதைவிடத் தெளிவாக யாராலும் வரைந்து காட்ட முடியாது. நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். அவள் கோவாவின் வெளி இலையை உரித்து எறிந்தபடி, "முகத்தை மறைக்கிறதெண்டா நீங்களே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ அண்ணை. உங்களுக்கு வடிவாயிருக்கும்" என்றாள். காசாளர் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். சிந்திக்கிறாள் என்றேன்.

அவர் படத்தை எடுத்தார். மருமகள் காட்டினாள். கோட்டு, கிழவர், பட்டு உடையில் முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு பெண். கைநகங்களில் ஊதா நிறப் பூச்சு. அது தெற்கு உணவகமொன்றில் பரிமாறுகிற பெண் என்று நியூ மோல்டன் முழுவதும் தெரியும். பெரியவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கைதட்டினார்களாம். படத்தில் கிழவர் கமராவைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதோடு மகன் வீட்டைப் பூட்டினார். உண்மையான ஆள் வந்துபோனால் படத்துப் பெண் யார் என்று கேள்வி வரும் அல்லவா? இனிச் சாமானை வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும் என்று செய்தி அனுப்பினார். இரண்டு வியாழன் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது முறை கிழவர் சன்னலில்கூட இல்லை. சாப்பாட்டைத் திருப்பி அனுப்புகிறார் என்று மருமகள் கிசுகிசுத்தாள். எங்கள் பெண் கடையில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தினை ஊறப்போட்டிருந்தாள்.

மூன்றாவது வியாழன் அரிசி மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாகனத்தின் பக்கத்து ஆசனத்தில் கிழவர் இருந்தார். கோட்டு, தொப்பி, மடியில் கைத்தடி. மருமகள் வீதியில் முழங்காலில் இருந்து அவருக்குச் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து, கதவைச் சாத்தி, என்னைப் பார்த்து, தான் குளித்துக்கொண்டிருந்ததாகவும் ஒன்றும் காணவில்லை என்றும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் பின்னால் ஏறினாள், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்.

பெரிய ஆட்கள் ஆலோசனைக் குழு வைத்து, வரைபடம் போட்டு, படம் பிடித்துத் தாண்ட முடியாத அந்தத் தூரம் வாகனத்தில் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்.

கடையின் பின்னறையில் தேங்காய்ப்பால் பெட்டிகளின் மேல் அவரை இருத்தினோம். அவள் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே இருந்தாள். வணக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. போத்தலைத் திறந்து நீட்டிவிட்டு, பேரி மரத்தை வெட்டியது சரிதான் என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே மறுத்தார். என் மனைவி தேநீர் வைத்தாள்.

வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டு மகன் தேடி வந்துவிட்டார். வாசலில் முள்ளங்கித் தட்டுவரைக்கும் வந்தார். பின்னறைக்குள் அப்போது கிழவரும் அவளும் மட்டுமில்லை; சோயா போத்தலை வாசிக்கிற இரண்டு வடக்குப் பெண்களும் சத்தம் கேட்டு உள்ளே போயிருந்தார்கள். அவ்வளவு வடக்குக்குள் அவருக்குக் காலடி எடுத்து வைக்க முடியவில்லை. தந்தையிடம் தான் காரில் காத்திருப்பதாகச் சொல்லும்படி என்னைக் கேட்டார். காரை நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்தியிருந்தார். நான் சொல்லப் போனேன்.

உள்ளே சத்தம் அடங்கியிருந்தது. கிழவர் விரலைத் துடைத்துவிட்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் எனக்குச் சொன்னாள். பெரிய இடத்தை உன் தாயே வைத்துக்கொள்ளட்டும், கிணறும் இருக்கட்டும், அடுப்புச் சூடு வருகிற பக்கத்தில் எனக்கு ஒரு பாய் போடுகிற இடம் போதும் என்கிறாராம். வாடகை தரமாட்டேன் என்றும் சொல்கிறாராம்.

எங்கள் பெண் போத்தலை எடுத்து மூடினாள். தாயோடு அவள் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியும். எல்லைக்குப் பக்கத்து மலையில் யாரோ ஒருவன் களவாக வைத்திருக்கிற சீன போனில், அவன் பயமில்லாமல் இருக்கிற நாளில், சில நிமிடம். கடைசியாக அந்த அழைப்பு வந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. தாய் இருக்கிறாளா என்பதே இவளுக்குத் தெரியாது.

"அம்மாவைக் கேக்க வேணும்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். பிறகு அதையே அவருக்குத் தன் பாஷையில் சொன்னாள்.

கிழவர் தலையாட்டினார். "கேள். நான் இருக்கிறன்" என்றார்.

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. அவர் எழும்பவில்லை. வெட்டாமல் விட்ட அந்தப் பேரி மரம் இப்போது காய்க்கிறதா என்று கேட்டார்.